ஓவர்கிளாக் செய்த 7700எக்ஸுக்கு எந்த வேக ரேம்? 6000-ஆ, 7200-ஆ?

சிறுவாணி

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது ஏஎம்டி ரைசன் 7 7700எக்ஸ் பிராசசர், நான்கு ரேம் ஸ்லாட் உள்ள பி650 மதர்போர்டு. பயாஸில் பிபிஓ (மின் வரம்பைத் தளர்த்தும் ஏஎம்டி வசதி) போட்டு, கர்வ் ஆப்டிமைசரை (கோருக்குப் போகும் வோல்டேஜைக் குறைப்பது) எல்லா கோருக்கும் மைனஸ் 20 வைத்து, பூஸ்டை 100 மெகாஹெர்ட்ஸ் கூட்டியிருக்கிறேன். கூலர் தாங்குகிறது. இப்போது இதில் ஓடுவது தம்பியின் டிடிஆர்5-5200 சிஎல்40 கிட் (5200 வேகம்; சிஎல் என்பது கேட்ட தரவைக் கொடுக்க ரேம் எடுக்கும் கிளாக் எண்ணிக்கை), 16 ஜிபி ஸ்டிக் இரண்டு. அவன் திருப்பிக் கேட்கிறான்.

கடையில் மூன்று கிட் இருக்கின்றன: 6000 சிஎல்36, 6000 சிஎல்30, 7200 சிஎல்34. பிராசசரையே ஓவர்கிளாக் செய்தாயிற்று, ரேமில் மட்டும் ஏன் கஞ்சத்தனம், 7200-ஐயே எடுத்துவிடலாமே என்று தோன்றுகிறது. கடைக்காரரும் அதைத்தான் சொல்கிறார். அவர் வேறு மாதிரி சொல்லியிருந்தால்தான் ஆச்சரியம். டாவின்சி ரிசால்வில் வீடியோ எடிட்டிங், கொஞ்சம் பிளெண்டர், இரவில் கவுண்டர்-ஸ்டிரைக் 2. கிராபிக்ஸ் கார்டு 4070, மானிட்டர் 1440பி. என்ன சொல்கிறீர்கள்?

உப்பளம்

6000 சிஎல்30. பெட்டியில் எக்ஸ்போ (ஏஎம்டிக்கான தயார் ரேம் செட்டிங்) என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இழையை மூடிவிடலாம் :)

தறி

உப்பளம் அண்ணன் சொன்னதுதான் முடிவு. ஆனால் ஏன் என்று தெரியாவிட்டால் நாளைக்கு இன்னொருவர் 8000 என்று சொல்லி உங்களைக் குழப்புவார், அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

ஏஎம்5-இல் (உங்கள் பிராசசர் உட்காரும் சாக்கெட்) மூன்று கிளாக்குகள் இருக்கின்றன. முதலாவது எம்கிளாக், ரேமின் சொந்த கிளாக். டிடிஆர் என்பதால் பெட்டியில் போட்டிருக்கும் எண்ணில் பாதிதான் அது: 6000 ரேம் உண்மையில் 3000 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. இரண்டாவது யூகிளாக், பிராசசருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலரின் கிளாக். மூன்றாவது எஃப்கிளாக், கோர்கள் இருக்கும் சில்லையும் மெமரி கன்ட்ரோலர் இருக்கும் ஐஓ சில்லையும் இணைக்கும் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக்கின் கிளாக். ஆட்டோவில் விட்டால் இது வழக்கமாக 2000.

எம்கிளாக்கும் யூகிளாக்கும் ஒன்றுக்கு ஒன்றாக ஓடுவதுதான் நமக்கு வேண்டும். மெமரி கன்ட்ரோலர் 3000-ஐ அநேகமாக எல்லா சில்லிலும் தாங்கும், 3200 அதிர்ஷ்டம் இருந்தால். 7200 ரேமுக்கு அது 3600-இல் ஓட வேண்டும், நடக்காது. அதனால் போர்டு யூகிளாக்கைப் பாதியாக்கி 1800-இல் ஓட்டும். ரேம் வேகமாகத்தான் ஓடுகிறது, ஆனால் அதைக் கையாளும் கன்ட்ரோலர் 6000-இல் ஓடியதைவிட மெதுவாக ஓடுகிறது. லேட்டன்சி, அதாவது கேட்ட தரவு வந்து சேரும் தாமதம், ஏறும்.

சரி, லேட்டன்சி போனாலும் பேண்ட்வித் கிடைக்குமே என்று கேட்பீர்கள். 6000 ரேம் இரண்டு சேனலில் கொடுப்பது நொடிக்கு 96 ஜிபி. 7200 என்றால் 115 ஜிபி. ஆனால் 7700எக்ஸில் கோர் சில்லு ஒன்றுதான். அதற்கும் ஐஓ சில்லுக்கும் இடையிலான இணைப்பு ஒரு கிளாக்குக்கு 32 பைட் படிக்கும், 16 பைட் எழுதும். எஃப்கிளாக் 2000 என்றால் படிப்பதற்கு நொடிக்கு 64 ஜிபி, அவ்வளவுதான். ஏரி எவ்வளவு நிரம்பியிருந்தாலும் மதகு விடுகிற நீர்தான் வயலுக்கு வரும். தம்பியின் 5200 கிட்டே 83 ஜிபி கொடுக்கிறது, அதாவது இந்த எல்லையை அது ஏற்கெனவே தாண்டிவிட்டது.

ஆக, உங்கள் பிராசசரில் ரேம் மாற்றினால் கிடைக்கிற லாபம் பெரும்பாலும் லேட்டன்சியில்தான். பிபிஓ, கர்வ் ஆப்டிமைசர் எதுவும் இந்தக் கணக்கை மாற்றாது. அவை கோரின் வேகத்தைத் தொடுகின்றன, மெமரி கன்ட்ரோலரை அல்ல. "பிராசசர் ஓவர்கிளாக் செய்தாயிற்று, அதனால் ரேமும் வேகமாக" என்பதில் தொடர்பே கிடையாது.

சிறுவாணி

இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை, நன்றி. அப்படியென்றால் 6000 சிஎல்36 போதாதா? விலை குறைவு. சிஎல்-இல் ஆறு எண் வித்தியாசம் அவ்வளவு பெரிதா?

தறி

சிஎல்-ஐ 2000-ஆல் பெருக்கி, ரேமின் வேகத்தால் வகுங்கள், நானோ நொடி வரும். 6000 சிஎல்30 = 10. 6000 சிஎல்36 = 12. தம்பியுடையது 15.4. நீங்கள் ஆசைப்பட்ட 7200 சிஎல்34 = 9.4. வெறும் காகிதத்தில் பார்த்தால் 7200 ஜெயிக்கிறது, ஆனால் கன்ட்ரோலர் பாதி வேகத்துக்கு இறங்குவதால் அந்த அரை நானோ நொடி லாபம் வட்டியோடு போய்விடும்.

இன்னொரு வேடிக்கை: பழைய டிடிஆர்4-3200 சிஎல்16-உம் 10 நானோ நொடிதான். இந்த ஒரு எண்ணில் தலைமுறை மாறியும் பெரிதாக எதுவும் மாறவில்லை.

கரிசல்

தறி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். சிஎல்30, சிஎல்36 என்பதை வெறும் டைமிங் வித்தியாசமாக மட்டும் பார்க்காதீர்கள். உள்ளே எந்த மெமரி சில்லு இருக்கிறது என்பதற்கும் அது ஒரு துப்பு. 6000 சிஎல்30 என்று விற்கிற கிட்டில் பெரும்பாலும் ஹைனிக்ஸ் சில்லுதான் இருக்கும், எம்-டை அல்லது ஏ-டை என்ற வகை. சிஎல்36 கிட்டில் ஹைனிக்ஸ், சாம்சங், மைக்ரான் எதுவும் வரலாம். பின்னால் டைமிங்கைக் கையால் இறுக்கும் எண்ணம் இருந்தால் ஹைனிக்ஸ் போல இடம் கொடுக்கிற சில்லு டிடிஆர்5-இல் வேறு இல்லை.

பெட்டியில் முதல் எண்ணோடு நிறுத்தாமல் அடுத்த எண்களையும் படியுங்கள். 30-36-36 ஒன்று, 30-38-38 ஒன்று, 30-40-40 ஒன்று, எல்லாம் "சிஎல்30" என்றுதான் விற்கும். வாங்குவது முதல் வகை என்றால் நல்லது. மற்றதும் மோசமில்லை.

மின்னல்கொடி

எல்லோரும் 2022-லேயே நின்றுவிட்டீர்கள் போல. 8000 போட்டால் எம்கிளாக் 4000, யூகிளாக் பாதி 2000, எஃப்கிளாக்கும் 2000. இரண்டும் ஒத்து ஓடும், லேட்டன்சி இழப்பு பெருமளவு சரியாகிவிடும். 9000 வரிசை ரைசனும் எக்ஸ்870 போர்டும் வைத்திருக்கிறவர்கள் இதைத்தான் செய்கிறார்கள். "6000-தான் இனிப்பான இடம்" என்று ஏஎம்டி சொன்னது 7000 வரிசை வந்தபோது.

தறி

8000 விஷயத்தில் நீங்கள் சொன்ன கணக்கு சரி, அதனால்தான் 7200 நடுவில் மாட்டிக்கொள்கிறது. 6000 ஒன்றுக்கு ஒன்று, 8000 ஒன்றுக்கு இரண்டு, இவை இரண்டும் அர்த்தமுள்ளவை. இடையில் இருக்கிற 6800, 7200 ஏஎம்5-க்கு வேண்டாத எண்கள். அவை இன்டெல்காரர்களுக்காக வந்த கிட்கள், பெரும்பாலும் எக்ஸ்எம்பி (எக்ஸ்போ மாதிரி இன்டெல் செட்டிங்) மட்டும்தான் இருக்கும்.

ஆனால் சிறுவாணியிடம் இருப்பது நான்கு ஸ்லாட் பி650. 8000-ஐப் பிழையில்லாமல் ஓட்ட நல்ல பிசிபி (போர்டின் சர்க்யூட் பலகை) வேண்டும், இரண்டே ஸ்லாட் உள்ள போர்டு என்றால் இன்னும் உத்தமம். அவ்வளவு பாடுபட்டு நன்கு இறுக்கிய 6000-க்கு இணையாக வந்து நிற்பதற்கு ஏன் கூடுதல் காசு?

மின்னல்கொடி

பொழுதுபோக்குக்கு, அண்ணே. ஓவர்கிளாக்கிங்கே அதற்குத்தானே :)

தறி

அதை மறுக்க முடியாது.

அணில்வால்

என்னிடம் 9800எக்ஸ்3டி. எல்3 கேச் 96 எம்பி, 7700எக்ஸில் அது 32. கேமுக்கு வேண்டியது பெரும்பாலும் கேச்சிலேயே கிடைத்துவிடுவதால் பிராசசர் ரேமைத் தேடிப் போவதே குறைவு. 5600-க்கும் 6000-க்கும் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க பெஞ்ச்மார்க் ஓட்டினால்தான் உண்டு. எக்ஸ்3டி வைத்திருக்கிறவர்கள் இந்த இழையைப் படித்துவிட்டு ரேமுக்கு அதிகம் செலவழிக்க வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன்.

சிறுவாணி, உங்களுக்கும் ஒன்று. 1440பி-யில் கனமான கேம் என்றால் 4070-தான் முதலில் மூச்சு வாங்கும், ரேம் மாற்றியது தெரியவே தெரியாது. கவுண்டர்-ஸ்டிரைக் 2 மாதிரி பிராசசரை நம்பி ஓடுவதில் மட்டும், அதுவும் சராசரி எஃப்பிஎஸ்ஸைவிட ஒரு சதவீதத் தாழ்வு எண்ணில் (மிக மெதுவான ஒரு சதவீத ஃப்ரேம்களின் வேகம்) தெரியும்.

நெய்தல்

இதற்கு நேர் எதிரான ஓர் ஆள் நான்: 8700ஜி. தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது, உள்ளே இருக்கிற கிராபிக்ஸ்தான். அது ஒரே சில்லு, தறி சொன்ன அந்த இணைப்புத் தடையும் இல்லை, கிராபிக்ஸ் நேராக ரேமிலிருந்துதான் உண்கிறது. இங்கே ரேம் வேகம் கூட்டினால் எஃப்பிஎஸ் கண் முன்னால் ஏறும். எனவே "6000 போதும்" என்பதை எல்லா ரைசனுக்கும் விதியாக்க வேண்டாம்.

சிறுவாணி

புரிந்தது. இன்னொரு கேள்வி. இப்போது 16 ஜிபி இரண்டு வாங்கிவிட்டு, ரிசால்வுக்குப் போதவில்லை என்றால் பிறகு இன்னும் இரண்டு வாங்கி மீதி ஸ்லாட்டுகளில் போடலாம்தானே? நான்கு ஸ்லாட் சும்மாதானே இருக்கிறது.

கரிசல்

வேண்டவே வேண்டாம். டிடிஆர்4-இல் இது பரவாயில்லை, டிடிஆர்5-இல் இதுதான் பெரிய பள்ளம். 7000 வரிசைக்கு ஏஎம்டி கொடுத்திருக்கும் அதிகாரப்பூர்வ வேகத்தையே பாருங்கள்: இரண்டு ஸ்டிக் போட்டால் 5200, நான்கு போட்டால் 3600. புதிய பயாஸ்களில் நான்கு ஸ்டிக்கை 6000-இல் ஓட்டுகிறவர்கள் உண்டு, ஆனால் அது உங்கள் சில்லையும் போர்டையும் பொறுத்தது, யாரும் உறுதி தர முடியாது. தனித்தனியாக வாங்கிய இரண்டு கிட் ஒரே மாடல் எண் என்றாலும் உள்ளே சில்லு மாறியிருக்கலாம் என்பது வேறு.

வீடியோ எடிட்டிங் செய்கிறீர்கள். 64 வேண்டியிருக்கும் என்று சந்தேகம் இருந்தால் இப்போதே 32 ஜிபி இரண்டாக வாங்குங்கள். அவை டூயல் ரேங்க் (ஒரே ஸ்டிக்கில் இரண்டு தொகுதிச் சில்லுகள்), கன்ட்ரோலருக்குச் சுமை கொஞ்சம் கூடும், 6400 மாதிரி எண்ணெல்லாம் கடினமாகும். 6000-க்குப் பிரச்சினை வராது. ரிசால்வ் டைம்லைனில் ரேம் தீர்ந்து எஸ்எஸ்டி-க்கு ஓடுகிற நேரத்தில் சிஎல்30 ஆவது, சிஎல்36 ஆவது.

மாட்டும்போது பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்.

வேப்பமரம்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என்னிடம் ரைசன் 5 5600, டிடிஆர்4. இதே கணக்கு இங்கே எப்படி?

உப்பளம்

3600. எஃப்கிளாக் 1800, மூன்று கிளாக்கும் ஒன்றுக்கு ஒன்று. சிஎல்16 கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் சிஎல்18. உங்கள் சில்லு எஃப்கிளாக் 1900 தாங்கினால் 3800. 4000-க்கு மேல் விற்கும் கிட்டைத் தொடாதீர்கள்.

மலைத்தேன்

இன்டெல் 12-ஆம் தலைமுறை, கே இல்லாத பிராசசர், டிடிஆர்4 போர்டு வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வரி: அதில் சிஸ்டம் ஏஜென்ட் வோல்டேஜ் பூட்டப்பட்டிருக்கும். அதனால் 3600 கியர் 1-இல் (கன்ட்ரோலரும் ரேமும் ஒன்றுக்கு ஒன்று) நிற்காமல் போகலாம். போர்டு தானாகவே கியர் 2-க்கு (கன்ட்ரோலர் பாதி வேகம்) தள்ளிவிட்டால், 3200 கியர் 1 அதைவிட மேல்.

தறி

சிறுவாணி, வாங்குவதைவிட முக்கியமானது வாங்கிய பிறகு செய்வது. உங்கள் பிராசசர் ஏற்கெனவே ஓவர்கிளாக்கில் இருப்பதால் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

ரேம் மாட்டுவதற்கு முன் பிபிஓ, கர்வ் ஆப்டிமைசர் இரண்டையும் பழைய நிலைக்குத் திருப்புங்கள். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஓவர்கிளாக்கில் இருந்தால், நீலத் திரை வரும்போது யார் குற்றவாளி என்று கண்டுபிடிக்க முடியாது. முதலில் வெறும் எக்ஸ்போ மட்டும். விண்டோஸுக்குள் போவதற்கு முன்பே பென்டிரைவிலிருந்து மெம்டெஸ்ட்86+ ஒரு சுற்று முழுதாக. அதில் பிழை வந்தால் விண்டோஸைத் தொடவே வேண்டாம், ஏனென்றால் கெட்ட ரேமோடு பூட் ஆனால் ரெஜிஸ்ட்ரியும் கோப்புகளும் ஓசையில்லாமல் கெடும். அது தேறினால் விண்டோஸில் டெஸ்ட்மெம்5, அன்டா777 கான்ஃபிகோடு, அப்புறம் ஒய்-கிரஞ்சர். ஒய்-கிரஞ்சர் ரேமையும் ஃபேப்ரிக்கையும் சேர்த்தே பிழியும், மற்றவை விட்டதை இது பிடிக்கும்.

இதெல்லாம் சுத்தமாகத் தேறிய பிறகு மைனஸ் 20-ஐத் திரும்பக் கொண்டுவாருங்கள். அதற்குச் சோதனை வேறு: கோர்சைக்ளர், கோர்களை ஒவ்வொன்றாகச் சோதிக்கும் நிரல். கர்வ் ஆப்டிமைசர் பிழை பெரும்பாலும் முழுச் சுமையில் வராது. ஒரே ஒரு கோர் உச்சத்துக்குப் போய் இறங்கும்போது, பாட்டுக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கும்போது, திடீரென்று ரீஸ்டார்ட் ஆகும். அதைப் பார்த்து "புது ரேம் சரியில்லை" என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் நிறைய.

எஸ்ஓசி வோல்டேஜையும் (மெமரி கன்ட்ரோலர் இருக்கும் பகுதிக்குப் போவது) ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள். 2023 ஏப்ரலில் 7800எக்ஸ்3டி சில்லுகள் சாக்கெட்டோடு கருகிய செய்தி நினைவிருக்கும். எக்ஸ்போ போட்டதும் போர்டுகள் இந்த வோல்டேஜை அளவுக்கு மீறி ஏற்றியது அதற்குக் காரணங்களில் ஒன்று. அதன் பிறகுதான் ஏஎம்டி 1.3 வோல்ட் என்று உச்சவரம்பு போட்டது. உங்கள் பயாஸ் அதற்கு முந்தையது என்றால் முதல் வேலை அதைப் புதுப்பிப்பது. 6000-க்கு 1.2-ஐ ஒட்டியே போதும்.

பாலை

கேள்வி: டிடிஆர்5-க்குள்ளேயே இசிசி (பிழைத் திருத்தம்) இருக்கிறதாமே? அப்புறம் எதற்கு இத்தனை சோதனை?

கரிசல்

அது சில்லுக்குள் மட்டும் நடக்கிற திருத்தம். செல்கள் சிறுத்துக்கொண்டே போவதால் உற்பத்தியில் தேறுவதற்காக வைத்தது. உள்ளே ஒரு பிட் புரண்டால் திருத்தும். சில்லிலிருந்து மதர்போர்டு வழியாக பிராசசருக்கு வருகிற வழியில் கெட்டால் அதற்கு ஒன்றும் தெரியாது. ஓவர்கிளாக்கில் கெடுவது பெரும்பாலும் அந்த வழியில்தான். சர்வர் வகை இசிசி வேறு, அதற்குத் தனி ஸ்டிக் வேண்டும்.

நெய்தல்

வெயில் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஏசி இல்லாத அறையில் மே மாதம் 38, 39 டிகிரி சாதாரணம். டிடிஆர்5-இல் பவர் ரெகுலேட்டர் ஸ்டிக்கிலேயே உட்கார்ந்திருக்கிறது, அதன் சூடும் சேர்ந்துகொள்ளும். டிசம்பரில் தேறிய டைமிங் கத்திரியில் பிழை காட்டும்.

குறிப்பாக டிரெஃபி என்ற டைமிங்கில் கவனம். செல்லில் இருக்கிற மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும், அதைப் புதுப்பிக்கும் கட்டளை 3.9 மைக்ரோ நொடிக்கு ஒருமுறை போக வேண்டும் என்பது இயல்பு. 6000-இல் அது 11,700 கிளாக். வேகத்துக்காக இதை 50,000, 65,535 என்று ஏற்றச் சொல்லி எல்லா வீடியோவிலும் வரும். லாபம் உண்மைதான். ஆனால் சூடு ஏற ஏறக் கசிவும் வேகமாகும், புதுப்பிப்பைத் தள்ளிப்போட்ட ரேம்தான் முதலில் தடுமாறும். எச்டபிள்யூஇன்ஃபோ நிரலில் ஸ்டிக்கின் வெப்பம் தெரியும். சோதனை ஓடும்போது கிராபிக்ஸ் கார்டுக்கும் சுமை கொடுங்கள், 4070 கக்குகிற சூடு நேராக ரேம் மேல்தான் போகும். 55-ஐத் தாண்டினால் டிரெஃபியைக் குறையுங்கள், இல்லையென்றால் ரேம் மேல் ஒரு ஃபேனைத் திருப்பிவிடுங்கள்.

சிறுவாணி

6000 சிஎல்30, 32 ஜிபி இரண்டு வாங்கியாயிற்று, 30-40-40. ஆனால் எக்ஸ்போ போட்டுச் சேமித்ததும் திரை கறுப்பு. ஃபேன் சுற்றுகிறது, போர்டில் மஞ்சள் விளக்கு எரிகிறது. இன்னும் அப்படியே நிற்கிறது. போனிலிருந்து எழுதுகிறேன். ஆஃப் செய்துவிடட்டுமா?

உப்பளம்

தொடாதீர்கள்! அது ட்ரெய்னிங், போர்டு புது ரேமுக்கு ஏற்ற செட்டிங்கைத் தேடுகிறது. 64 ஜிபி என்றால் முதல் தடவை நிமிடக்கணக்கில் எடுக்கும். டீ குடித்துவிட்டு வாருங்கள்.

சிறுவாணி

வந்துவிட்டது :) ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் நிற்குமா?

கரிசல்

பயாஸில் மெமரி கான்டெக்ஸ்ட் ரீஸ்டோர் என்று ஒன்று இருக்கும். அதை ஆன் செய்தால் ஒருமுறை கற்றதை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்தடுத்த பூட்டில் ட்ரெய்னிங்கைத் தாண்டிவிடும். ஆனால் சோதனை முடியும் வரை ஆஃபிலேயே வையுங்கள்.

சிறுவாணி

மெம்டெஸ்ட், டெஸ்ட்மெம்5, ஒய்-கிரஞ்சர் மூன்றும் பிழையில்லாமல் முடிந்தன. ஆசை யாரை விட்டது, 6200-க்கு ஏற்றிப் பார்த்தேன். பூட் ஆகிறது. ஆனால் ஐடா64 பெஞ்ச்மார்க்கில் லேட்டன்சி 6000-ஐவிட மோசமாக இருக்கிறதே, ஏன்?

தறி

ஜென்டைமிங்ஸ் நிரலைத் திறந்து யூகிளாக்கைப் பாருங்கள். 1550 என்று இருக்கும், பந்தயம் கட்டுகிறேன். 6000-ஐத் தாண்டியதும் ஆட்டோவில் போர்டு பாதிக்கு இறக்கிவிடும். பயாஸில் யூகிளாக் பிரிவில் "யூகிளாக் = எம்கிளாக்" என்று நீங்களே வைக்க வேண்டும்.

சிறுவாணி

1550-தான்! மாற்றியதும் லேட்டன்சி இறங்கிவிட்டது. ஆனால் 6200-இல் ஒய்-கிரஞ்சர் கொஞ்ச நேரத்திலேயே பிழை காட்டுகிறது. எஸ்ஓசி-ஐ ஏற்ற மனமில்லை, 6000-க்கே திரும்பிவிட்டேன். எஃப்கிளாக்கை மட்டும் 2100 வைத்திருக்கிறேன், பிழை எதுவும் இல்லை. மைனஸ் 20-உம் கோர்சைக்ளரில் தேறியது, ஒரு கோரைத் தவிர. அதற்கு மட்டும் மைனஸ் 12.

தறி

அருமை. எஃப்கிளாக்கில் ஒரு சூட்சுமம் உண்டு. அந்த இணைப்பு பிழை வந்தால் தானாகவே மறுபடி அனுப்பிக்கொள்ளும். அதனால் நீலத் திரை வராமலேயே வேகம் மட்டும் குறையும். ஒரே பெஞ்ச்மார்க்கை 2000-இலும் 2100-இலும் சில தடவை ஓட்டுங்கள். 2100-இல் எண்கள் ஒவ்வொரு தடவையும் ஏறி இறங்கி வந்தால் 2000-க்கு வந்துவிடுங்கள்.

சிறுவாணி

ஓட்டிப் பார்த்தேன், எண்கள் நிலையாக இருக்கின்றன, 2000-ஐவிடக் கொஞ்சம் மேலே. அப்படியே விடுகிறேன். தம்பியின் கிட்டைக் கழற்றிக் கொடுத்தாயிற்று.

உப்பளம்

இந்த செட்டிங்கையெல்லாம் பயாஸ் பக்கம் பக்கமாகப் போனில் படம் எடுத்து வையுங்கள். ப்ரொஃபைலாகச் சேமித்தால் மட்டும் போதாது, பயாஸ் புதுப்பிக்கும்போது பல போர்டுகளில் அதுவும் சேர்ந்து அழியும். புதுப்பித்த பிறகு அதே எண்களைப் போட்டாலும் ஒய்-கிரஞ்சரை இன்னொரு தடவை ஓட்டுங்கள், ட்ரெய்னிங் மாறியிருக்கும்.